பேஷ்காரைக் கொன்றதில் ஆட்சேபணை இல்லை

பாறசாலை சந்தியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சிவபிரசாதிடம், அவருடைய தாத்தாவைக் கொன்றதில் அவருக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று அரசாங்கம் கேட்டது ஒரு மழை நாளில். கேட்க வந்தவர் ரதீஷ் என்ற ஸ்பெஷல் ஆபீசர். இளைஞர், பணிவானவர். நனைந்த குடையை வாசலில் சாய்த்து, செருப்பையும் கழற்றிவிட்டு, சாவு வீட்டுக்குள் நுழைவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்.

“சாரே, பேஷ்கார் சிவானந்தம் பிள்ளைக்க பேரன் நிங்கதானே?”

“ஆமா.”

“ஒரு துக்க காரியம் பேசணும். ஆனா சந்தோஷமா பேசணும்னு உத்தரவு.”

சிவபிரசாத் அவரை உட்காரச் சொன்னார். தாத்தாவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ராஜா காலத்தில் பேஷ்கார் என்றால் இன்றைய கலெக்டர் மாதிரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் ஒற்றசேகரமங்கலம் போகும் வழியில், ஓடைமேல் கட்டிய ஒரு கலுங்கருகே அவரை அடித்துக் கொன்றார்கள். மறுவருஷம் நாட்டுக்கு விடுதலை வந்து, சீக்கிரமே ராஜாவின் ஆட்சியும் போய்விட்டது. முந்தின வருஷம் கொன்றதற்கும் பின்னால் ஆட்சி போனதற்கும் சம்பந்தம் இருக்கத்தான் வேண்டும் என்று ஊர் முடிவுகட்டியது. ‘பேஷ்கார் வதம்’ என்று பேர் வைத்தது. பள்ளிக்கூடப் பாடத்திலும் ஏறிவிட்டது. சிவபிரசாத் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ‘பேஷ்கார் வதத்தால் மக்களுக்கு விளைந்த நன்மைகளை விவரி’ என்ற கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியிருந்தார். வகுப்பில் அவருக்குத்தான் அதிகம். வாத்தியார் தட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் காட்ட வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

“எண்பதாம் வருஷமாக்கும் இது,” என்றார் ரதீஷ். “வதத்தில பங்கெடுத்தவியளுக்க வாரிசுகளை அரசாங்கம் கௌரவிக்கப் போவுது. பொன்னாடை, சான்றிதழ், பஸ் பாஸ். கலுங்குப் பக்கம் ஒரு நினைவு மண்டபமும் உண்டு. அதுக்கு நிங்களுக்க ஒரு ஒப்பு, கையெழுத்து வேணும்.”

“எதுக்கு?”

“ஆட்சேபணை இல்லைன்னு.”

“எதில?”

“கொன்னதில.”

வேறொரு ஜில்லாவில் இப்படி ஒரு விழா எடுத்தபோது செத்தவரின் குடும்பம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டதாம். அதிலிருந்து கொல்லப்பட்டவரின் நேர் வாரிசிடம் சம்மதம் வாங்காமல் எந்தக் கொலையையும் கொண்டாடக் கூடாது என்று தலைமைச் செயலகத்தில் விதி போட்டுவிட்டார்கள். பேஷ்காருக்கு ஒரே மகன். அந்த மகனுக்கு ஒரே மகன் சிவபிரசாத். வேறு ஆள் கிடையாது.

“செரி, ஒரே ஒப்பு போராதா?”

“போராது சாரே. ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக்கும் கொன்னிருக்காவ.”

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சிவபிரசாதின் மனைவி ஷீஜா எட்டிப் பார்த்தாள். “மொத்தம் எத்தனை பேரு?”

“இப்போதைக்கு நூத்திச் சொச்சம். மனு கொடுக்கக் கடைசித் தேதியை நீட்டியிருக்கு.”

ரதீஷ் போனபிறகு ஷீஜா ரொம்ப நேரம் யோசித்தாள். “கேட்டியளா, நூறு பேரு சேந்து அடிச்சா ஆளு மிச்சம் இருந்திருக்குமா? தகனத்துக்கு என்னத்தக் கொண்டு வந்தாவ?” என்றாள்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் கொலையாளிகளின் வாரிசுகள் வரிசை கட்டி நின்றார்கள். எல்லாரும் குளித்து, சந்தனம் இட்டு வந்திருந்தார்கள். ஒருவர் நேந்திரம்பழக் குலையும் கொண்டுவந்திருந்தார்.

காஞ்சிரங்குளத்துக்காரர் ஒருவருடைய தாத்தா, கொன்றவர்களை வள்ளத்தில் கொண்டுபோய் இறக்கினாராம்.

“அந்த ஓடையில முழங்கால் தண்ணிகூட கிடையாதே?” என்றார் சிவபிரசாத்.

“அதாக்கும் அவருக்க சாமர்த்தியம்.”

அம்பூரியிலிருந்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய தாத்தாவுக்கு அன்றைக்குக் கடுங்காய்ச்சல். “காய்ச்சல் மட்டும் வந்திருக்கல்லேன்னா உங்க தாத்தா தப்பியே இருக்கமாட்டாரு,” என்றார்.

“வந்தும் அவரு தப்பலியே.”

“பாத்தியளா? படுத்துக்கிடந்தே இவ்வளவு செஞ்சிருக்காரு!”

பிரசீதா என்ற டீச்சரின் குடும்பம் கொலையாளிகளுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஆக்கிப்போட்ட குடும்பம். அடிப்பதற்கு முன்னால் போட்டிருந்தால் அது சதி, அடித்தபிறகு போட்டிருந்தால் அடைக்கலம் என்று இரண்டு தலைப்பு இருந்தது. எதில் சேர்ப்பது என்று கேட்டதற்கு, “ரெண்டு நேரமும் போட்டாவ. முன்ன கப்பை, பொறவு மீன்கறி,” என்று டீச்சர் இரண்டு தலைப்பிலும் மனுக் கொடுத்தாள்.

அரிவாளால் வெட்டியவர்கள், நாட்டுக் குண்டு எறிந்தவர்கள், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். சிவபிரசாத் ஒப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒப்பு வாங்கி முடிந்ததும் வந்தவர்கள் சும்மா போக மனமில்லாமல் சுவரில் தொங்கிய கண்ணாடிகளைப் போட்டுப் பார்த்தார்கள். பலருக்குப் பார்வையில் கோளாறு இருந்தது. கடை தொடங்கின நாள்முதல் அப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லை.

“உசிரோட இருந்தப்போ இந்தக் குடும்பத்துக்கு அவரு ஒண்ணும் செய்யல்ல. இப்பம் பாருங்க,” என்றாள் ஷீஜா.

அவர்களில் ஒருவர்கூட பேஷ்கார் எப்படிப்பட்ட மனுஷன் என்று சிவபிரசாதிடம் கேட்கவில்லை. உயரமா குட்டையா என்றுகூடக் கேட்கவில்லை. இதை அவர் கவனித்தார், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அது தெரியாது.

‘பேஷ்கார் வதப் போராளிகள் அங்கீகாரக் குழு’வின் முதல் அமர்வு பஞ்சாயத்து மண்டபத்தில் நடந்தது. சிவபிரசாதுக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் ‘கொலையுண்டவர் தரப்பு’ என்று அட்டை. குழுவின் தலைவர் தங்கப்பன், இரண்டுமுறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர், அவருக்கு மாலை போட்டார். போட்டோகிராபர் சரியாக விழவில்லை என்று சொன்னதால் கழற்றி மறுபடி போட்டார்.

தங்கப்பன் நன்றாகப் பேசுவார். அன்றைக்கு முக்கியமான ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. பேஷ்காரின் உடலில் ஒரே ஒரு காயம்தான் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். மண்டையில் ஒரு அடி. மனுக் கொடுத்தவர்களில் அடித்தவர்கள் மட்டும் அறுபதுக்கு மேல்.

“பிரியமுள்ளவர்களே,” என்று தொடங்கினார் தங்கப்பன். “ஒரு காயம்தான் இருந்தது என்று சொன்னது யார்? ராஜாவின் சம்பளம் வாங்கிய டாக்டர்! அவர் ஒரு காயத்தைத்தான் பார்த்தார். மற்றக் காயங்களைப் பார்க்க அவருக்கு அரசியல் பார்வை இல்லை. ஒரு பெரிய மனிதரை ஒருவன் தனியாகக் கொன்றான் என்று சொல்வது மக்களை அவமதிப்பதாகும். தனியாகக் கொல்வது குற்றம். சேர்ந்து கொல்வதுதான் போராட்டம். ஆகவே அந்த ஒரு காயத்தை எல்லாருக்குமாகப் பங்கிட்டுக் கொடுக்க இந்தக் குழு தீர்மானிக்கிறது!”

கைதட்டல் அடங்க நேரமானது. அடித்தவர்கள் முதல் நிலை, பிடித்தவர்கள் இரண்டாம் நிலை, அறிந்தவர்கள் மூன்றாம் நிலை என்று வகுத்தார்கள். காய்ச்சலில் கிடந்தவர் மூன்றாம் நிலையில் வந்தார். தங்கப்பனின் தாத்தா இரண்டாம் நிலை. முதல் நிலையில் போடலாம் என்று குழு வற்புறுத்தியும் தங்கப்பன் ஒப்பவில்லை. “அவர் பிடித்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பெருமை வேண்டாம்,” என்றார். சபை அந்த எளிமையைக் கண்டு உருகியது.

நினைவு மண்டபத்துக்கு இடமும் அன்றே முடிவானது. கலுங்கின் மேற்கே மூன்று சென்ட் நிலம், அதில் ஓட்டு வீடு ஒன்று. எடுத்துக்கொள்ளலாம். போராளிகளின் வாரிசு வீடாக இருந்தால் மட்டும் தொடக் கூடாது என்று விதி. அது அப்படிப்பட்ட வீடு இல்லை என்று குழு ஒருமனதாகச் சொன்னது.

அந்த வீட்டுக்காரி இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தாள். விமலகுமாரி என்று பேர். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவள். கழுத்தில் தாலி இல்லை; எந்நாளும் இருந்ததாகவும் தெரியவில்லை. சிவபிரசாத் வழக்கம்போல் பேனாவை எடுத்தார்.

“உங்களுக்க ஆளு அடிச்சாரா பிடிச்சாரா அக்கா?”

“அடிச்சாரு. நான் சுயம்புக்க மக.”

பேனா நின்றது. ஊரில் சுயம்புவின் பேரைத் தெரியாதவர்கள் கிடையாது. பேஷ்காரைக் கொன்றதற்காகக் கோர்ட்டில் நின்று பதினோரு வருஷம் ஜெயிலில் கிடந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வீட்டைக் கொலைகாரன் வீடு என்றுதான் இன்றும் சொல்வார்கள். இத்தனை பேர் வந்தார்களே, அவன் வீட்டிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லையே என்று சிவபிரசாதுக்கு அப்போதுதான் உறைத்தது.

“பொன்னாடை ஒண்ணும் வேண்டாம் மக்கா,” என்றாள் விமலகுமாரி. “வீட்டை இடிக்கப் போறாவளாம். எங்கப்பன்தான் கொன்னாருன்னு எழுதிக் குடுத்தா இடிக்கமாட்டாவளாம். அதாக்கும் வந்தேன். இத்தற காலம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வந்த சம்பந்தமெல்லாம் விலகிப் போச்சு. இப்பம் அதை நானே நிரூபிக்கணும்னு சொல்லுதாவ.”

ஷீஜா எழுந்து வந்து அவளுக்கு ஸ்டூல் போட்டாள்.

“என்ன நடந்ததுன்னு உங்கப்பன் சொல்லியிருக்காரா?” என்று கேட்டார் சிவபிரசாத். யாரிடமும் அவர் அதுவரை கேட்டதில்லை.

“உங்களுக்க தாத்தாவாச்சே. சொன்னா வருத்தப்படுவிய.”

“பரவாயில்ல, சொல்லுங்க.”

சொன்னாள். இடவப்பாதி மழையில் பேஷ்காரின் கார் கலுங்கருகே சேற்றில் இறங்கிவிட்டது. வயலில் உழுதுகொண்டிருந்த சுயம்புவின் காளைகளை அவிழ்த்துக் கொண்டுவந்து காரில் பூட்டச் சொன்னார். ஒரு காளைக்குக் கால் சரியில்லை, வேண்டாம் யஜமானே என்று சுயம்பு கும்பிட்டான். பேஷ்காரின் டவாலிச் சேவகன் காளையைத் தடியால் விளாசினான். கார் ஏறிவிட்டது. காளை கலுங்குச் சுவரில் சரிந்து விழுந்து, கால் ஒடிந்து, அங்கேயே கிடந்து துடித்தது. பேஷ்கார் கார் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பார்த்தாராம். ‘தோலையாவது நல்ல விலைக்குக் கொடு’ என்றாராம். சுயம்பு நுகத்தடியை எடுத்தான்.

“ஒரே அடிதான். அவரு கோஷமும் போடல்ல, ஓடவும் இல்ல. மாட்டுக்கப் பக்கம் போய் உக்காந்தாரு. போலீசு வந்து பிடிக்க வரைக்கும் அங்கதான் இருந்தாரு.”

சாலையில் ஒரு பஸ் களியக்காவிளைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனது.

“ஜெயிலிலிருந்து வந்ததும் எங்கப்பன் நேரா உங்க வீட்டுக்குத்தான் போனாரு,” என்றாள் விமலகுமாரி. “முற்றத்தில நின்னிருக்காரு. பேஷ்காருக்க பெண்டாட்டி வெளிய வந்து பாத்தாவளாம். ஒரு செம்பு மோர் கொடுத்தாவளாம். ‘மாடு நல்ல மாடுன்னு கேள்விப்பட்டேன்’னு மட்டும் சொல்லிட்டு உள்ள போய்ட்டாவளாம். அதைச் சொல்லும்போ எங்கப்பன் அழுவாரு. அப்பொறம் கல்யாணம் கட்டி, நான் பிறந்து, சாவ வரைக்கும் இதைப் பத்திப் பெருமையா ஒரு வார்த்தை அவரு வாயில வந்ததில்ல.”

சிவபிரசாதுக்குத் தாத்தாவைப் பற்றி முதன்முதலாக ஒரு விஷயம் தெரிந்தது. தெரிந்த விஷயம் நன்றாக இல்லை. ஆனால் அது நூற்றுச் சொச்சம் பேரும் சொல்லாத விஷயம், அதனாலேயே உண்மை மாதிரி இருந்தது. விமலகுமாரியின் மனுவில் ஒப்பு இட்டார். மற்றவர்களுக்கு இட்டதைவிட நிதானமாக இட்டார்.

விமலகுமாரியின் மனு அடுத்த அமர்வில் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. அவள் மேடைக்குக் கீழே நின்றாள். சிவபிரசாத் மேலே தன் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

“உங்க அப்பா எந்தச் சங்கத்தில் உறுப்பினர்?” என்று ஆரம்பித்தார் தங்கப்பன்.

“பால் சங்கத்தில. அதும் ஜெயிலிலிருந்து வந்த பொறவு.”

“சம்பவ நேரத்தில் அவரோடு யார் யார் இருந்தார்கள்?”

“ஒருத்தரும் இல்ல. மாடு ரெண்டு உண்டு.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முதல் நிலைக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். தங்கப்பன் கையமர்த்தினார்.

“என்ன கோஷம் போட்டார்?”

“கோஷம் போடல்ல. அழுதாரு.”

“எதற்கு? தேசத்துக்காகவா?”

“மாட்டுக்காக.”

தங்கப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவபிரசாத் கடையில் வாங்கிய கண்ணாடிதான். “சகோதரி, உங்கள்மேல் எங்களுக்கு அனுதாபம் உண்டு. ஆனால் மாட்டுக்காகக் கொல்வதை அரசியல் கொலை என்று எப்படிச் சொல்வது? அதை ஒத்துக்கொண்டால் இங்கே இருக்கும் இத்தனை பேரின் தாத்தாக்களும் எதற்காகக் கொன்றார்கள்?”

“அதை அவியகிட்டல்லா கேக்கணும்.”

“கோர்ட்டில தண்டிச்சது உண்டே சார்,” என்று ரதீஷ் மெதுவாகச் சொன்னார். “பதினோரு வருஷம் ஜெயில்.”

“தண்டித்தது ராஜாவின் கோர்ட். நிரபராதியைத் தண்டிப்பதுதான் அதன் வேலை. சுயம்புவைத் தண்டித்தது ஒன்றே அவர் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம்.”

விமலகுமாரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “பிரசிடெண்டே, எங்கப்பனைப் பிடிச்ச ஹெட் கான்ஸ்டபிளு உங்களுக்க தாத்தாதானே?”

எல்லாரும் தங்கப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. மேடையில் முப்பது வருஷம் நின்ற மனிதர்.

“ஆமாம். இரண்டாம் நிலை என்று அதனால்தானே போட்டிருக்கிறோம்? பிடித்தவர்கள்! அவர் பிடித்தார் என்பது ரிக்கார்டில் உள்ளது. யாரைப் பிடித்தார் என்பது விதியில் கேட்கப்படவில்லை.”

கைதட்டல். குழு ஐந்து நிமிஷம் தலைகளைச் சேர்த்துப் பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. சுயம்புவைப் பொறுத்தவரை குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்கிறது, பங்கேற்பு நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி. வீட்டை மாதக் கடைசிக்குள் காலிசெய்து தரவேண்டும். கொலையுண்டவர் தரப்பு ஏதாவது சொல்ல விரும்புகிறதா என்று, மரியாதைக்காக, தங்கப்பன் சிவபிரசாதைப் பார்த்துக் கேட்டார். முந்தின அமர்வில் இதே கேள்விக்கு அவர் ‘நன்றி’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சிவபிரசாத் எழுந்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லை. மைக்கைப் பார்க்காமல் விமலகுமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எனக்கு ஆட்சேபணை உண்டு.”

“எதில்?”

“எங்க தாத்தாவைக் கொன்னதில. இந்த நூத்திச் சொச்சம் பேரும் கொன்னதில எனக்குப் பயங்கர ஆட்சேபணை உண்டு. எங்க தாத்தாவைக் கொல்லுததுக்கு எங்க குடும்பம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சம்மதம் கொடுக்கும். அது சுயம்பு. அவரு பேரு இல்லேன்னா, நான் இட்ட ஒப்பையெல்லாம் இப்பமே திருப்பி எடுத்துக்கிடுதேன்.”

அதன்பிறகு நடந்ததை அமர்வு என்று சொல்ல முடியாது. நாற்காலிகள் சாய்ந்தன. தன் தாத்தாவைக் கொன்றவர்களை ஒருவன் இப்படி அவமதிக்கலாமா என்று காஞ்சிரங்குளத்துக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். ரதீஷ் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நேர் வாரிசின் ஆட்சேபணை இருந்தால் விழா நடத்த இடமில்லை என்று தலைவரின் காதில் சொன்னார். விதியை மாற்ற வேண்டுமென்றால் தலைமைச் செயலகத்தில்தான் மாற்ற வேண்டும். மந்திரி வரும் தேதியோ ஏற்கனவே பத்திரிகையில் வந்தாயிற்று.

மறுநாள் கண்ணாடிக் கடைமுன் ஆர்ப்பாட்டம். ‘பேஷ்கார் குடும்பமே, பழி வாங்காதே!’ என்று தட்டி. ‘அன்று தாத்தா, இன்று பேரன்!’ என்று ஒரு கோஷம் எழுந்தபோது போலீஸ்காரர் குறுக்கே வந்து, இது மிரட்டலா வரலாறா என்று கேட்டார். வரலாறுதான் என்று சொன்னார்கள். அவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அம்பூரிக்காரர் தான் வாங்கிய கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது படி தெரியாமல் தடுமாறி, மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டு கோஷத்தைத் தொடர்ந்தார்.

வியாபாரம் அடியோடு நின்றது. மூன்றாம் நாள் சிவபிரசாதுக்குப் பயம் பிடித்தது. “வேண்டாத வேலையாப் போச்சோ ஷீஜா?” என்றார்.

ஷீஜா லென்சுகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். “நிங்க அண்ணைக்கு எந்திரிச்சப்போ எனக்கும் நெஞ்சு திக்குன்னுதான் இருந்தது,” என்றாள். “ஆனா ஒண்ணு உண்டு. அந்த அக்கா இதே ஊரில இத்தற வருஷம் இருந்தாவ. நமக்கு மூணு நாளு கழியல்ல. அதுக்குள்ள ஒப்பை மாத்தினியன்னா நான் எங்க வீட்டுக்குப் போவேன், ஆமா.”

அவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலம் ரதீஷ் வந்தார். மூன்று நாளில் நாலு வயது கூடியதுபோல் இருந்தார்.

“சாரே, ஒரு வழி கண்டுபிடிச்சாச்சு. சுயம்புவை அடிச்சவர்னு போட்டா முதல் நிலைக்காரங்க கல்வெட்டை உடைப்போம்னு நிக்காவ. பிடிச்சவர்னு போட முடியாது, அவரைத்தான் பிடிச்சாவ. அறிஞ்சவர்னு போட்டா, அறிஞ்சவர் ஏன் மாட்டுக்காக அழுதார்னு கேக்காவ. அதுகொண்டு புதுசா நாலாம் நிலை ஒண்ணு உண்டாக்கியாச்சு.”

“என்ன நிலை?”

“சம்பவ இடத்தில் நின்றவர்.”

சிவபிரசாத் அவர் முகத்தையே பார்த்தார். கேலி எதுவும் அதில் இல்லை.

“கொன்ன ஆளைப் போயி வேடிக்கை பாத்த ஆளுன்னு எழுதப் போறிய?”

“வேடிக்கைன்னு எழுதமாட்டோம். நின்றவர். மரியாதையா இருக்கும். நாலாம் நிலைன்னாலும் போராளிதான், வீடு விதியில வந்துடும். மண்டபத்தை எதிர்க்கரையில புறம்போக்கில கட்டிக்கிடலாம்னு தங்கப்பன் சாரும் சம்மதிச்சாச்சு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் ஒரு தாத்தா உண்டு சாரே. அவரும் ஒண்ணும் செய்யல்ல. வீட்டில தினமும் சண்டை, ஏன் மனு கொடுக்கல்லேன்னு. இது முடிஞ்சா நான் மலப்புறத்துக்கு மாத்தல் கேட்டிருக்கேன்.”

சிவபிரசாத் தனியாக முடிவெடுக்க விரும்பவில்லை. ஷீஜாவையும் கூட்டிக்கொண்டு ஒற்றசேகரமங்கலம் போனார். விமலகுமாரி முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. பாதியைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். வேண்டாமென்றால் ஆட்சேபணையில் நிற்கத் தயார், கோர்ட்டுக்கும் வரத் தயார் என்றார்.

“வீடு நிக்குமா?”

“நிக்கும்.”

“பின்னே எழுதிக்கிடச் சொல்லுங்க மக்கா. கல்லில என்ன எழுதினாலும் எங்கப்பனுக்குத் தெரியும், உங்க தாத்தாவுக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?”

அப்படியே நடந்தது. சிவபிரசாத் மறுபடி எல்லா ஒப்பும் இட்டார். அவருடைய தாத்தா சட்டப்படி, ஆட்சேபணை இல்லாமல், கொல்லப்பட்டார்.

விழாவன்று வெயில் நன்றாக அடித்தது. செண்டைமேளம், முத்துக்குடை, நடமாடும் கழிப்பறை எல்லாம் வந்திருந்தன. மந்திரி பேசினார். இந்தக் கிராமத்து மக்கள் ஒருவர் விடாமல் ஒரு கொலையில் கலந்துகொண்டது தேசத்துக்கே வழிகாட்டி என்றும், இன்றைய இளைஞர்களிடம் இப்படிப்பட்ட ஒற்றுமை இல்லை என்றும் வருத்தப்பட்டார். பேஷ்காரின் பேரனைப் பக்கத்தில் அழைத்து, ‘இவருடைய குடும்பத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் இது சாத்தியமாகியிருக்காது’ என்றார். சிவபிரசாத் கும்பிட்டார். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கறுப்புக் கல்லைத் திரை நீக்கித் திறந்தார்கள். பேர்கள் மேலிருந்து கீழே இறங்கி இறங்கி வந்தன. அடித்தவர்கள், பிடித்தவர்கள், அறிந்தவர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், புல் முளைத்தால் மறைந்துபோகும் உயரத்தில், ஒரு தனி வரி: ‘சுயம்பு – சம்பவ இடத்தில் நின்றவர்.’

வாரிசுகள் தங்கள் தாத்தாக்களின் பேரைத் தொட்டுத் தொட்டுப் போட்டோ எடுத்தார்கள். கூட்டம் பாயசத்துக்கு நகர்ந்தபிறகு விமலகுமாரி வந்து கல்லின் முன்னால் குந்தினாள். சிவபிரசாதும் ஷீஜாவும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் எழுத்துக்கூட்டி அந்த வரியைப் படித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஷீஜா குனிந்து முதுகில் கைவைத்தாள். விமலகுமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“வக்கீலு சொல்லிக்குடுத்து எங்கப்பன் கோர்ட்டில முதல்ல இதைத்தானே சொன்னாரு,” என்றாள். “‘நான் சும்மா அங்க நின்னேன் யஜமானே’ன்னு. அண்ணைக்கு இந்த ஊரில ஒருத்தனும் நம்பல்ல.”